இரண்டு குழு ஒரே ஜெர்சி: ஒரு மகளிர் கபடி அணி உருவான பருவம்

பின்னணி

காவிரிப் படுகையின் சிறு நகரம் ஒன்றில் இரண்டு மகளிர் கபடிக் குழுக்கள் தனித்தனியாக ஆடிவந்தன. ஒன்று கல்லூரி விடுதியில் முளைத்தது. படிப்பு முடித்த பிறகும் சிலர் அதில் தொடர்ந்தார்கள். மற்றது பக்கத்துக் கிராமத்தின் குழு. அதில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், தையல் கடையில் வேலை பார்ப்பவர்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் இருந்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் ஜெர்சி, நுழைவுக் கட்டணம், வேன் வாடகை எல்லாம் கொடுத்துவந்தவர் ஒரே வியாபாரி. ஓர் ஆடி மாதம் அவர், இனி ஒரு குழுவுக்குத்தான் கட்டுப்படியாகும், வேண்டுமானால் சேர்ந்து ஆடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய கடையிலேயே பேச்சு முடிந்தது. இரண்டு தலைவிகளும் சரி என்றார்கள். வேறு வழியும் இல்லை. பயிற்சியாளராகக் கல்லூரிக் குழுவைப் பார்த்துவந்தவரே தொடர்வார் என்றும், பயிற்சி நடக்கும் இடம் அரசுப் பள்ளி மைதானம் என்றும் முடிவாயிற்று. மேலாளர் வேலை எனக்கு வந்தது. பஸ், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், ஆவணங்கள், முதலுதவிப் பெட்டி ஆகியவை என் பொறுப்பு. அவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டேன். இந்த ஆய்வு அதிலிருந்து எழுதப்பட்டது. ஆட்களைப் பெயரால் குறிப்பிடாமல் அவர்கள் நின்ற இடத்தால் குறிப்பிடுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கபடி அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். களத்தில் ஏழு பேர். தடுக்கும்போது இரு ஓரங்களிலும் கார்னர்கள், அவர்களை ஒட்டி இன்கள், பிறகு கவர்கள், நடுவில் சென்டர் என்று நிற்பார்கள். கார்னரும் இன்-உம் கை கோத்து நிற்பது வழக்கம். இதைச் செயின் என்பார்கள். ரெய்டர், அதாவது எதிரணியிலிருந்து தனியாக வந்து ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புபவர், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டும்போது கார்னர் கணுக்காலைப் பிடிப்பார். ரெய்டர் திரும்பி ஓடாதபடி இன் வழியை அடைப்பார். இருவரில் ஒருவர் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் இருவருமே தொடப்பட்டு வெளியேற வேண்டியதுதான்.

ஆவணி: எல்லாரும் நல்லவர்களாக இருந்த காலம்

முதல் சில வாரங்களில் சண்டை என்பதே இல்லை. யாராவது தவறவிட்டால் "பரவாயில்லை அக்கா" என்ற குரல் உடனே வரும். பயிற்சியாளர் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்றார்கள். வியாபாரி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று மகிழ்ந்துபோனார்.

எனக்கு அந்த நிறைவு வரவில்லை. வார்ம்-அப் ஓட்டத்தில் கல்லூரிப் பெண்கள் முன்னால் ஒரு கூட்டமாகவும் ஊர்ப் பெண்கள் பின்னால் ஒரு கூட்டமாகவும் ஓடினார்கள். வழக்கம் என்ன என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கல்லூரிப் பெண்கள் மேட் என்ற விரிப்பில் ஷூ போட்டு ஆடிப் பழகியவர்கள். ஊர்ப் பெண்கள் மண்ணில் வெறுங்காலோடு, இரவு மின்னொளிப் போட்டிகளில் ஆடி வளர்ந்தவர்கள். மண்ணில் கால் சறுக்கும். அதை வைத்தே ரெய்டரை இழுத்துப் போடும் பிடிகள் உண்டு. விரிப்பில் கால் பிடித்து நிற்கும். அங்கே பிடி வேறு, ரெய்டர் திரும்பும் வேகம் வேறு. இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் பேசவில்லை.

சாதி பற்றிய பேச்சும் வாய்விட்டு எழவில்லை. யாருடைய தண்ணீர் பாட்டிலை யார் எடுத்துக் குடிக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு அது இருப்பது தெரிந்திருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில், சிறு குழுக்கள் உருவாதல், மோதல், நெறிப்படுதல், செயல்படுதல் என்ற நான்கு நிலைகளைக் கடக்கின்றன என்றார். 1977-இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து எழுதியபோது கலைதல் என்ற ஐந்தாவது நிலை சேர்ந்தது. பயிற்சியாளர்களுக்கான வகுப்புகளில் இது தவறாமல் வரும். எங்கள் பயிற்சியாளரும் ஒரு வகுப்பில் கேட்டு எழுதிவந்திருந்தார். "இது முதல் நிலை சார், அடுத்தது மோதல், தானாக வரும், தானாகப் போகும்" என்று என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரியாக இருந்தது.

டக்மன் அப்போது விளையாட்டு அணிகளைப் பார்த்து அதை எழுதவில்லை. ஏற்கெனவே வெளிவந்திருந்த ஏறத்தாழ ஐம்பது ஆய்வுகளைத் தொகுத்துப் படித்தார். அவற்றில் பெரும்பகுதி மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அந்தச் சாய்வை அவரே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். சிகிச்சைக் குழுவில் பேச்சுதான் வேலை. கபடிக் குழுவில் வேலை வேறு, பேச்சு வேறு.

புரட்டாசி: சிட்டிங் பிளாக்கில் கேட்டது

நட்புமுறை ஆட்டங்கள் தொடங்கியதும் நிலைமை மாறியது. மாற்றம் முதலில் தென்பட்ட இடம் சிட்டிங் பிளாக். வெளியேறியவர்கள் களத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கட்டத்தில், வெளியேறிய வரிசைப்படியே உட்கார வேண்டும். அதே வரிசையில்தான் உயிர் பெற்று உள்ளே வருவார்கள். ஆகவே ஒரே பிடியில் தோற்ற இருவர் அடுத்தடுத்து, தோள் உரச உட்கார்ந்திருப்பார்கள். நான் உட்காரும் நாற்காலி அதற்குப் பக்கத்தில்.

அங்கே அடிக்கடி வந்து உட்கார்ந்தவர்கள் வலது கார்னரும் வலது இன்-உம். கார்னர் ஊர்ப் பெண். அணியிலேயே மூத்தவர், ஒரு குழந்தைக்குத் தாய். இன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். கார்னர் தன் பிடியில் நம்பிக்கை உள்ளவர். கால் கிடைத்தால் பாய்ந்துவிடுவார், மற்றவர்கள் வந்து விழ வேண்டும் என்பது அவர் பழகிய முறை. இன் பழகியதோ வழியை முதலில் அடைத்துவிட்டுப் பிறகு காலுக்குப் போகும் முறை.

"நான் காலைப் பிடித்துவிட்டேன். நீ எங்கே இருந்தாய்?"

"முந்திப் போனீர்கள் அக்கா. சொல்லாமல் போனால் நான் எப்படி வருவது?"

"சொல்லிவிட்டுப் போனால் அவள் கால் அங்கேயே இருக்குமா?"

அன்று குறிப்பேட்டில் எழுதிய உரையாடல் இது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். தீராததற்குக் காரணமும் அதுவே. அதற்கடுத்த வாரங்களில் "அக்கா" என்ற சொல் மறைந்தது. பிறகு பேச்சே மறைந்தது. இருவரும் கை கோத்து நிற்பார்கள். ரெய்டர் வந்ததும் கை நழுவும்.

மூன்றாவது ரெய்டிலும் ஒரு பூசல் இருந்தது. தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் ரெய்டர் வெளியே. எங்கள் முதன்மை ரெய்டர் கல்லூரிப் பெண். அவரை வெளியே உட்கார வைக்கக் கூடாது என்பதால் பயிற்சியாளர் மூன்றாவது ரெய்டுகளை ஊர்க் குழுவின் ரெய்டருக்கே கொடுத்துவந்தார். ஆட்டக் கணக்கில் அது நியாயம். ஆனால் அந்தப் பெண்ணுடைய கணக்கில், சாவதற்கு மட்டும் தன்னை அனுப்புகிறார்கள். ஊர்ப் பெண்கள் அனைவரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

பஸ் நேரமும் சேர்ந்துகொண்டது. கிராமத்துக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு முன்பே போய்விடும். பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தில்தான் செயின் பயிற்சி நடக்கும். அப்போது ஊர்ப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று கல்லூரிப் பெண்கள் சொன்னார்கள். எங்களை வைத்து யார் நேரம் போட்டார்கள் என்று ஊர்ப் பெண்கள் கேட்டார்கள்.

முதல் முடிவு: தரங்கம்பாடி

பயிற்சியாளர் எடுத்த முதல் முடிவு சுற்றுலா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வேனில் தரங்கம்பாடி அழைத்துப்போனோம். 1620-இல் டேனியர் கட்டிய கோட்டையைப் பார்த்தார்கள், கடலில் நனைந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். மனத்தாங்கல் தீர்ந்தால் ஆட்டம் சரியாகும் என்பது அவர் எண்ணம். மதியம் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கொண்டுபோயிருந்தோம். மணலில் இரண்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் பாட்டு, கைதட்டல் எல்லாம் இருந்தது. அது உண்மையான மகிழ்ச்சிதான். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் வலது செயின் முன்போலவே உடைந்தது.

விளையாட்டு உளவியலில், ஒருவரையொருவர் பிடித்துப்போவதால் வரும் பிணைப்பையும் வேலையில் வரும் பிணைப்பையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். கனடாவின் ஆல்பர்ட் காரனும் அவருடைய சகாக்களும் 1985-இல் உருவாக்கிய கேள்வித்தாள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறது. ஜெர்மனியின் ஹன்ஸ் லெங்க் இதில் இன்னும் சுவையான சாட்சி. அவர் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் எட்டுப்பேர் படகில் தங்கம் வென்ற அணியில் துடுப்பு வலித்தவர். அந்தப் படகே கீல், ராட்சபுர்க் என்ற இரண்டு ஊர்க் குழுக்களின் ஆட்களைச் சேர்த்து அமைத்தது. உள்ளே கடும் பூசல் இருந்தும் படகு உச்ச வேகத்தில் போக முடியும் என்று பின்னாளில் அவர் எழுதினார். நண்பர்களானால்தான் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையை அது அசைத்தது.

சுற்றுலா வேண்டாத செலவு என்று நான் சொல்லவில்லை. மோதல் இருந்தது மனத்தில் மட்டும் என்றால் அது போதும். எங்கள் மோதல் வலது மூலையில் ஒரு மீட்டர் அகலத்துக்குள் இருந்தது: யார் முதலில் அசைவது?

ஐப்பசி: மழை

அடுத்து நடந்தது யாரும் திட்டமிட்டதில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். பள்ளித் தலைமையாசிரியர் நீண்ட தாழ்வாரம் ஒன்றைத் திறந்துவிட்டார். சிமெண்டுத் தரையில் விழுந்து பிடிக்க முடியாது. ஆகவே பயிற்சியாளர் சாக்பீஸால் பாதிக் களம் வரைந்தார். மகளிர் களத்தில் நடுக்கோட்டிலிருந்து, ரெய்டர் தாண்ட வேண்டிய பாக் லைன் மூன்று மீட்டர், அங்கிருந்து போனஸ் கோடு ஒரு மீட்டர். அதற்குள் அனைவரையும் நடக்கவிட்டார். ரெய்டர் நடந்து வருவார். ஒவ்வொரு அடியிலும் நிறுத்தி, இப்போது யார் என்ன செய்வது என்று கேட்பார்.

மூன்று விஷயங்கள் அந்தத் தாழ்வாரத்தில் முடிவாயின.

முதலாவது, வலது செயின். குரல் கொடுப்பது என்று முதலில் பேசிப்பார்த்தார்கள். கார்னர் பாயக் கூடாத நேரத்தில் இன் "நில்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணால் அது முடியவில்லை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை, குழந்தைக்குத் தாயானவரை, ஒருமையில் அதட்ட வாய் வரவில்லை. "நில்லுங்க அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் ரெய்டர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். எல்லாரும் சிரித்தார்கள், கார்னரும் சிரித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: கை கோத்துத்தானே நிற்கிறோம், கையை அழுத்து. அழுத்தினால் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள், நான் போகிறேன். அழுத்தாவிட்டால் போக மாட்டேன்.

ஆறு பேரோ ஏழு பேரோ களத்தில் இருக்கும்போது, அதாவது போனஸ் உள்ள நேரத்தில், அழுத்தும் உரிமை இன்னுக்கு. ஆட்கள் குறைந்து போனஸ் இல்லாத நேரத்தில் அந்த உரிமை கார்னருக்கு. அப்போது ரெய்டர் தொடுவதற்காக உள்ளே ஆழமாக வருவார், ஓரத்தில் நிற்பவருக்குத்தான் அவருடைய கால் நன்றாகத் தெரியும். இந்த இரண்டாவது விதியைச் சொன்னவர் இன். விட்டுக்கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, மூன்றாவது ரெய்டு. முதல் பாதியில் ஊர் ரெய்டர், இரண்டாம் பாதியில் முதன்மை ரெய்டர் என்று எழுதி ஒட்டினோம். பயிற்சியாளருக்கு இதில் அரை மனம்தான். இரண்டாம் பாதியில் முதன்மை ரெய்டரை இழப்பது ஆபத்து என்றார். முதன்மை ரெய்டரே தான் போகிறேன் என்று சொன்னதால் விட்டுவிட்டார்.

மூன்றாவது, சிட்டிங் பிளாக்கில் பேசுவது. தோற்ற பிடியைப் பற்றி அங்கே பேசக் கூடாது, இடைவேளையில் பேசலாம். இதை மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். பயிற்சி நேரத்தையும் அப்போதே மாற்றினோம். செயின் பயிற்சி முதலில், ஓட்டமும் உடற்பயிற்சியும் கடைசியில். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் ஓட்டத்தைத்தான் தவறவிடுவார்கள். அதை ஊரில் ஓடிக்கொள்ளலாம்.

ஏன் அப்போது தீர்ந்தது? நிலைகளின் வரிசைப்படி நேரம் வந்துவிட்டது என்று பயிற்சியாளர் சொல்வார். எனக்கு வேறொரு விளக்கமும் பொருத்தமாகப் படுகிறது. குழுக்களை ஆராய்ந்த கோனி கெர்சிக் 1988-இல் எட்டுப் பணிக்குழுக்களைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கவனித்து எழுதினார். அவை படிப்படியாக வளரவில்லை. முதல் கூட்டத்தில் விழுந்த வழக்கத்திலேயே ஓடி, கெடுவில் பாதி கழிந்த இடத்தில் சட்டென்று பழையதை உதறி வேறு வழிக்கு மாறின. எங்களுக்குக் கெடு பொங்கல் போட்டிகள். ஆவணிக்கும் தைக்கும் நடுவில் ஐப்பசி. "இன்னும் பாதி நாள்தான் இருக்கிறது" என்ற பேச்சு அந்தத் தாழ்வாரத்தில் பலர் வாயில் வந்தது என் குறிப்பேட்டில் இருக்கிறது.

தை: முதல் ஆட்டங்கள்

பொங்கலை ஒட்டி நடந்த முதல் இரவுப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். கை அழுத்தும் முறை தாழ்வாரத்தில் நன்றாக இருந்தது. ஒலிபெருக்கியும் விசிலும் ஆயிரம் பேரும் இருக்கும் இடத்தில் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. ஆனால் சிட்டிங் பிளாக்கில் யாரும் பேசவில்லை. வேனில் திரும்பும்போது கார்னரும் இன்-உம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, எந்தெந்த ரெய்டில் அழுத்தம் வரவில்லை என்று எண்ணிக்கொண்டுவந்தார்கள். புரட்டாசியில் இதே தோல்வி ஒரு வாரம் பேச்சில்லாமல் ஆக்கியிருக்கும்.

மாசியில் ஒரு போட்டியின் காலிறுதி. எதிரணியின் ரெய்டர் உயரமானவர், நீண்ட கால். அன்று மாலை முழுவதும் வலது மூலையிலேயே போனஸ் எடுத்துக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கம் ஆறு பேர். அவர் பாக் லைனைத் தாண்டி, இடது காலை ஊன்றி, வலது காலை நீட்டினார். கார்னர் அசையவில்லை. முன்பெல்லாம் அந்த நொடியில் பாய்ந்திருப்பார். ரெய்டர் காலைப் பின்னுக்கு இழுத்தார்; பொய்க்கால். இரண்டாவது முறை நீட்டினார். இன் அரை அடி முன்னால் நகர்ந்து வழியை மூடினார். கோத்திருந்த கை இறுகியதை என் நாற்காலியிலிருந்தே பார்க்க முடிந்தது. கார்னர் கணுக்காலில் விழுந்தார். இன் இடுப்பில் அணைத்தார். கவர் வந்து மேலே விழுந்தார். நடுவர் எங்கள் பக்கம் கையை உயர்த்தினார்.

அந்த ஆட்டத்தில் வென்று அரையிறுதியில் தோற்றோம். பங்குனிக்குள் இரண்டு போட்டிகளில் இறுதிவரை போனோம். ஆட்கள் மூன்று பேராகக் குறைந்தபோது பிடித்தால் கூடுதல் புள்ளி தரும் சூப்பர் டேக்கிள், முன்பு எங்களுக்கு அபூர்வம். இப்போது அடிக்கடி கிடைத்தது. நெருக்கடியில் யார் முடிவெடுப்பது என்பது தெரிந்த அணிக்குத்தான் அது வாய்க்கும்.

தண்ணீர் பாட்டில் விஷயம் முழுதாக மாறவில்லை. சிலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. நன்றாக ஆடிய மாதங்களிலும் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வட்டம் இருந்தது. வட்டங்களின் ஓரம் கொஞ்சம் கலைந்திருந்தது, அவ்வளவுதான். செயல்படும் நிலைக்கு வந்த அணி எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டுவிட்டது என்று படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பங்குனி: வெளியூர் ரெய்டர்

முதன்மை ரெய்டருக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. மருத்துவர் பருவம் முழுக்க ஆடக் கூடாது என்றார். வியாபாரி தன் செலவில் வெளியூரிலிருந்து ஒரு ரெய்டரை அழைத்துவந்தார். நல்ல ஆட்டக்காரர், பல குழுக்களுக்குப் போட்டிக்கு இவ்வளவு என்று பேசி ஆடுபவர். அவருக்கு ஆட்டத்துக்குத் தனித் தொகை என்பது வந்த மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆவணியின் மரியாதையும் புரட்டாசியின் பூசலும் மீண்டும் வந்தன, இம்முறை ஒரே வாரத்தில். பிளவு மட்டும் வேறு இடத்தில் விழுந்தது. கல்லூரி, ஊர் என்ற இரு தரப்பும் ஒன்றாகி, புதியவர் ஒருவர் எதிரில் நின்றார். பரிசுத் தொகையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அதுவரை எழுந்ததே இல்லை, ஏனென்றால் பெரிய தொகை வந்ததில்லை. இப்போது எழுந்தது. ஊர்க் குழுவின் பழைய வழக்கம், செலவு போக மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது. கல்லூரிக் குழுவில் அது பொதுப் பணம். ஷூ, முழங்கால் உறை வாங்குவார்கள்.

முடிவுகள் விரைவாக எடுக்கப்பட்டன. புதியவர் ரெய்டுக்கு மட்டும், தடுப்பில் அவருக்கு இடது கவர் இடம். வலது செயினைத் தொடுவதில்லை. மூன்றாவது ரெய்டுகளில் அவரும் முறைப்படி போக வேண்டும். அவருக்கு வியாபாரி தனியாகக் கொடுப்பதால் பரிசுப் பணத்தில் பங்கு கிடையாது. மற்றவர்களுக்குப் பாதி சமமாக, பாதி பொதுவில். இதை நான் குறிப்பேட்டில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். புதியவர் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்படி எழுதி வைத்துக்கொள்கிற குழுவை நான் பார்த்ததில்லை" என்றார். பாராட்டா குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதல் முறை இரண்டு மாதம் இழுத்த மோதல் இம்முறை சில ஆட்டங்களில் அடங்கியது. புதியவரின் குணமும் அதற்கு உதவியது. அவர் பல குழுக்களில் அந்நியராக நுழைந்து பழகியவர். எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வைகாசி: முடிவும் கலைவும்

பருவத்தின் கடைசிப் போட்டியில் இறுதி ஆட்டத்தில் தோற்று இரண்டாம் பரிசு பெற்றோம். அந்தப் பணம் எழுதிய கணக்குப்படி பிரிந்தது. முணுமுணுப்பு இருந்தது, சண்டை இல்லை.

அதன் பிறகு அணி கலைந்த விதத்தைப் பதிவு செய்யாவிட்டால் ஆய்வு முழுமையாகாது. வலது கார்னர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். வீட்டில் ஒரு பருவம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தார், அது எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கல்லூரிப் பெண்களில் மூவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போனார்கள். ஒருவருக்குத் திருமணம். வெளியூர் ரெய்டர் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். முறையான விடைபெறுதல் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொருவராக வராமல்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அது ஆட்டத்தில் தோற்றதைவிடக் கசப்பாக இருந்ததாக இன் என்னிடம் சொன்னார். பங்கேற்புச் சான்றிதழ்கள்கூட ஆனி மாதம்வரை என் அலமாரியிலேயே கிடந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க ஒரு பெண் அவசரமாகக் கேட்டபோதுதான் மற்றவர்களுடையதும் நினைவுக்கு வந்தது.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

இப்போது ஆறு பழையவர்களும் எட்டுப் புதியவர்களுமாக அணி மறுபடியும் கூடியிருக்கிறது. மழைக்காகக் காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே சாக்பீஸ் களம் வரைகிறோம். யார் எந்த முறையில் பழகியவர் என்று ஒவ்வொருவரையும் தரையில் நடந்துகாட்டச் சொல்கிறோம். அந்த வாரத்தில் மரியாதை குறையும்; குறையட்டும் என்று விட்டிருக்கிறோம்.

பணக் கணக்கு முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வெளியூர் ஆட்டக்காரர் வந்தால் என்ன என்பதும் அதில் உண்டு. எத்தனை காலம் ஆட முடியும், வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறோம். சிலர் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. சான்றிதழ் கொடுப்பதற்கென்று கடைசிப் போட்டிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டோம். எல்லாரும் ஒன்றாக வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

சுற்றுலா பற்றிப் பயிற்சியாளருக்கும் எனக்கும் கருத்து ஒன்றவில்லை. பருவத் தொடக்கத்திலேயே போக வேண்டும் என்கிறார் அவர். தைக்குப் பிறகு, ஆட்டம் ஒரு வடிவத்துக்கு வந்தபின் போனால் போதும் என்பது என் எண்ணம். வியாபாரி இந்த ஆண்டு ஒரு வேனுக்குத்தான் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த மாதம் என்பதை வலது செயினில் நிற்கும் புதிய கார்னரையும் பழைய இன்னையும் வைத்து, ஐப்பசியில் முடிவு செய்வதாக இருக்கிறோம்.